சஃபாரி பிளான் பண்றீங்களா? புலிக்கு முன்னாடி மா.கிருஷ்ணனைப் பார்த்துடுங்க!

லாங் வீக்கெண்ட் வந்தாலே வாட்ஸ்அப் குரூப்ல அந்த மெசேஜ் வந்து விழுந்துடும். முதுமலையா, பந்திப்பூரா, கபினியா? கார்ல போலாமா, ட்ரெயினா? ரூம் எவ்வளவு ஆகும்? எல்லாம் பேசி முடிச்ச பிறகு கடைசியா ஒருத்தர் கேட்பார், புலி பார்க்க முடியுமான்னு. அதுக்கு மட்டும் யார்கிட்டயும் பதில் இருக்காது.

புலி வந்துட்டா அந்த ட்ரிப் ஹிட். வரலைன்னா, ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்த பயணம், ஆளுக்குச் சில ஆயிரம் செலவு, விடியக் குளிர்ல எழுந்து வேனுக்கு ஓடினது எல்லாமே வேஸ்ட்னு தோணும். ஊருக்குத் திரும்பி, ரெண்டு மான் மட்டும்தான் பார்த்தோம்னு சலிப்போட சொல்லுவோம்.

அந்த ரெண்டு மானைப் பார்த்ததற்கே ஒரு முழுப் பக்கம் எழுதக்கூடிய மனிதர் ஒருவர் நம்ம சென்னையில் வாழ்ந்தார். பெயர் மா.கிருஷ்ணன். காட்டுயிர் எழுத்தாளர், புகைப்படக்காரர், ஓவியர். 46 வருஷம் ஒரே பத்திரிகையில் இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதியவர். 1996-ல் காலமானார். இதைப் படிக்கிற பல பேர் அப்போ பிறந்தேகூட இருக்க மாட்டீங்க. ஆனா, சஃபாரி போறதுக்கு முன்னாடி படிக்க வேண்டிய வாழ்க்கை அவருடையது. வீட்டுத் தோட்டத்தில் ஆரம்பித்து, ஒரு சின்ன சமஸ்தானத்தின் குன்றுகள் வழியாக, முதுமலை யானைக் கூட்டம் வரை போன வாழ்க்கை. அதே வரிசையில் நாமும் ஒரு ட்ரிப் பிளான் பண்ணலாம்.

காட்டின் பெயரில் ஒரு ஸ்டேஷன்

எங்கிருந்து கிளம்பலாம்? திருமுல்லைவாயிலில் இருந்தே கிளம்பலாம். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில், சி.டி.எச் ரோடு டிராஃபிக்கும் அபார்ட்மென்ட்களும் நிறைந்த ஊர். இங்கே காட்டைத் தேடினால் சிரிப்பாங்க. ஆனா, ஊரின் பெயரிலேயே காடு இருக்கு.

மாசிலாமணீஸ்வரர் கோயிலின் தல புராணத்தைப் பெரியவங்க யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. போருக்குப் போன தொண்டைமான் மன்னனின் யானை, இங்கே மண்டிக் கிடந்த முல்லைக்கொடியில் கால் சிக்கி நின்றுவிட்டது. கொடியை வெட்ட வாளை வீசியபோது, புதருக்குள் இருந்த லிங்கத்தின் மேல் அது பட்டது. அதன்பிறகு எழுந்ததுதான் இந்தக் கோயில். அந்த வெற்றியின் நினைவாகச் சொல்லப்படும் எருக்கந்தூண்கள் இரண்டை சந்நிதி முன்னால் இன்றும் பார்க்கலாம். கதையை நம்புறது உங்க விருப்பம். ஆனா, யானையையே நிறுத்துகிற அளவுக்குக் கொடி அடர்ந்த இடம் என்றுதான் இந்த ஊர் தன்னை நினைவு வைத்திருக்கிறது.

சங்க இலக்கியத்தில் முல்லை என்றால் காடும் காடு சார்ந்த நிலமும். ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணின கருப்பொருள் அட்டவணை ஞாபகம் இருக்கா? முல்லைக்கு உரிய விலங்கு மான், முயல். பறவை, காட்டுக்கோழி. புலி குறிஞ்சிக்குப் போய்விட்டது. அதாவது, புலியே இல்லாமலும் ஒரு காடு முழுமையான காடுதான் என்று நம்ம ஆட்கள் எப்பவோ ஒத்துக்கிட்டாங்க. சங்கப் பாடல்களில் ஊறிய கிருஷ்ணனும் காட்டை அப்படித்தான் பார்த்தார்.

மயிலாப்பூரில் நரி இருந்த காலம்

கிருஷ்ணன் பிறந்தது 1912 ஜூன் 30-ம் தேதி, திருநெல்வேலியில். அப்பா யார் தெரியுமா? 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ.மாதவையா. தமிழ் நாவலின் முன்னோடிகளில் ஒருவர். எட்டுப் பிள்ளைகளில் கிருஷ்ணன்தான் கடைக்குட்டி.

மாதவையா அரசாங்கத்தின் உப்பு இலாகாவில் அதிகாரி. நல்ல சம்பளம். ஆனாலும் முழு நேரமும் எழுத வேண்டும் என்பதற்காக முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டார். மயிலாப்பூரில் வீடு கட்டி, பிறந்த ஊரின் பெயரான பெருங்குளத்தையே அதற்கு வைத்தார். 'பஞ்சாமிர்தம்' என்று சொந்தப் பத்திரிகையும் தொடங்கினார்.

அன்றைய மயிலாப்பூர் இன்றைய மயிலாப்பூர் இல்லை. புதர்க்காடும் மரங்களுமாக இருந்தது. நரி திரிந்தது, வெளிமான்கூட இருந்தது. சிறுவன் கிருஷ்ணன் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தான். அவனுக்கு முதல் சஃபாரிக்கு டிக்கெட் தேவைப்படவில்லை. வாசலைத் தாண்டினால் போதும்.

1925 அக்டோபரில், சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில் தமிழைப் பட்டப் படிப்பில் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசி முடித்து உட்கார்ந்த மாதவையா, அங்கேயே உயிர்விட்டார். கிருஷ்ணனுக்கு அப்போது 13 வயசு. வேலையை விட்டுவிட்டு எழுத்தை நம்பிய அப்பாவின் வாழ்க்கை, சில வருஷங்களிலேயே கண் முன்னால் முடிந்துபோனது. பிற்காலத்தில் அதே ரிஸ்க்கை மகனும் எடுக்கப் போகிறான்.

வாத்தியாரோடு மலையேறிய பையன்

பிரசிடென்சி காலேஜில் கிருஷ்ணனுக்குத் தாவரவியல் சொல்லித்தந்தவர் ஃபைசன். நீலகிரி, பழனி மலைகளின் செடிகொடிகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய வெள்ளைக்காரப் பேராசிரியர். அவரோடும் அவர் மனைவியோடும் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வாய்ப்பு கிருஷ்ணனுக்குக் கிடைத்தது. பேராசிரியரிடம் செடிகளை அடையாளம் காணக் கற்றார். அந்த அம்மாவிடம் வாட்டர்கலர் கற்றார்.

சஃபாரி போகிற நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கு. கிருஷ்ணன் காட்டுக்குள் நுழைந்தது விலங்கு வழியாக மட்டும் இல்லை, செடி வழியாகவும்தான். எந்த மரம் எங்கே நிற்குதுன்னு தெரிஞ்சா, அதைத் தின்ன யார் வருவாங்க, எப்போ வருவாங்கன்னு பாதி தெரிஞ்ச மாதிரி. அத்தி பழுத்திருந்தால் குரங்கும் இருவாச்சியும் வரும். மூங்கில் துளிர்த்திருந்தால் யானை வரும். வேன்ல போகும்போது விலங்கைத் தேடி அலைபாய்ற கண்ணைக் கொஞ்சம் மரத்துப் பக்கம் திருப்பினாலே, காலியா தெரிஞ்ச காடு நிரம்ப ஆரம்பிச்சுடும்.

பட்டம் வாங்கினார், எம்.ஏ முடித்தார், சட்டமும் படித்தார். வக்கீலாக நிலைக்கவில்லை. சின்னச் சின்னப் பத்திரிகைகளுக்கு எழுதினார், படம் வரைந்தார், கேலிச்சித்திரம் போட்டார். ஒரு அச்சகத்தில் வேலை, ஆல் இந்தியா ரேடியோவில் வேலை என்று மாறிக்கொண்டே இருந்தார். இன்னிக்கு நம்ம ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல ரெண்டு பேராவது இப்படி இருப்பாங்க. வீட்டில் எல்லாரும் எப்போ செட்டில் ஆவே என்று கேட்கிற டைப்.

சம்பளம் சமஸ்தானத்தில், மனசு குன்றில்

1942-ல் பெல்லாரி பக்கத்திலிருந்த சண்டூர் என்ற குட்டி சமஸ்தானத்திலிருந்து அழைப்பு வந்தது. கிருஷ்ணன் போனார். அங்கே அவர் பார்க்காத வேலை இல்லை. பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவின் அரசியல் செயலாளர். ஒரே ஆளுக்கு இத்தனை விசிட்டிங் கார்டு.

ஆனா, அவருடைய நிஜமான படிப்பு ஆபீஸ் நேரம் முடிந்த பிறகுதான். சண்டூரைச் சுற்றிக் குன்றுகளும் முள்காடும். அங்கே தனியாக நடந்தார். ஆடு மேய்த்தார். தபால் கொண்டுபோகப் புறாக்களை வளர்த்துப் பழக்கினார். பார்த்ததையெல்லாம் எழுதினார். அந்த வறண்ட நிலத்தில் யானைக் கூட்டமெல்லாம் கிடையாது. இருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் வழி. அவருடைய கண் அங்கேதான் பழகியது.

37 வயசுல எடுத்த ரிஸ்க்

1949-ல் சண்டூர் இந்தியாவோடு இணைந்தது. சமஸ்தானம் போச்சு, அதோடு வேலையும் போச்சு. கிருஷ்ணனுக்கு 37 வயசு. மனைவி இந்துமதி, மகன் என்று குடும்பம். சட்டம் படித்தவர், நிர்வாக அனுபவம் உள்ளவர். இன்னொரு உத்தியோகம் தேடியிருந்தால் கிடைத்திருக்கும்.

அவர் தேடவில்லை. சென்னைக்குத் திரும்பினார். எட்வர்ட் எலியட்ஸ் ரோடு, அதாவது இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில் இருந்த குடும்ப வீட்டுக்கு வந்து, எழுத்தையும் கேமராவையும் வைத்தே பிழைப்பது என்று முடிவு செய்தார். இன்னிக்கு ஃப்ரீலான்ஸ் நேச்சர் போட்டோகிராபர் என்று இன்ஸ்டா பயோவில் போட்டுக்கலாம். 1949-ல் இந்தியாவில் அப்படி ஒரு தொழிலே கிடையாது. மாதச் சம்பளம் இல்லை, பென்ஷன் இல்லை. கட்டுரை அச்சானால் காசு. அவ்வளவுதான்.

இதே வீட்டில், இதே எழுத்துக்காக, அப்பா வேலையை விட்டதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். அது எப்படி முடிந்தது என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் எடுத்த முடிவு. இறக்கும் வரை, கிட்டத்தட்ட 47 வருஷம், அதை மாற்றிக்கொள்ளவில்லை.

அணிலுக்கும் ஒரு பக்கம்

1950-ல் கல்கத்தாவின் தி ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 'கன்ட்ரி நோட்புக்' என்ற பத்தியைத் தொடங்கினார். இரண்டு வாரத்துக்கு ஒன்று. 46 வருஷம். கணக்குப் போட்டால் ஆயிரத்தைத் தாண்டுது.

இத்தனைக்கும் அதில் பாதி விஷயம் வீட்டைச் சுற்றி நடந்தது. காக்கா, மைனா, அணில், பல்லி, பக்கத்து வீட்டுப் பூனை, தெருவில் நிற்கும் மாடு. யானைக்கும் சிறுத்தைக்கும் எடுத்துக்கொண்ட அதே கவனத்தை அணிலுக்கும் எடுத்துக்கொண்டார். 1961-ல் வந்த அவருடைய புத்தகத்தின் பெயரே காடும் கொல்லைப்புறமும் என்ற பொருள் தரும் 'ஜங்கிள் அண்ட் பேக்யார்ட்'. ரெண்டையும் ஒரே தட்டில் வைத்தார்.

தமிழிலும் எழுதினார். பெரியசாமித் தூரன் பொறுப்பில் வெளியான தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு விலங்குகள் பற்றிக் கட்டுரைகள் தந்தார். 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்று ஒரு துப்பறியும் நாவல்கூட எழுதியிருக்கிறார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தேடித் தொகுத்து, சு.தியடோர் பாஸ்கரன் 2002-ல் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற புத்தகமாகக் கொண்டுவந்தார். சஃபாரி பையில் போட்டுக்கொண்டு போக ஏற்ற சின்னப் புத்தகம்.

சரி, இதை வைத்து நம்ம பிளானின் முதல் படி என்ன? முதுமலைக்கு ஒரு மாசம் முன்னாடி, மொட்டை மாடியில் ஆரம்பிங்க. தினமும் காலையில 15 நிமிஷம், ஒரே இடம். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் அம்பத்தூர் ஏரிக்கரை, இல்லைன்னா ஆவடி பருத்திப்பட்டு ஏரி. நீர்க்காகம் இறக்கையை விரிச்சு வெயில் காயறதையும், நாரை ஒரே காலில் நிற்கிறதையும் பொறுமையா பார்க்கப் பழகிட்டீங்கன்னா, காட்டுல என்ன பார்க்கணும்னு கண்ணுக்குத் தானா தெரியும். மொட்டை மாடியில 15 நிமிஷம் உட்கார முடியாதவரால, சஃபாரி வேன்ல ஒரு மணி நேரம் சும்மா இருக்க முடியாது.

சூப்பர் பாண்டெரோசா!

கிருஷ்ணன் பயன்படுத்திய கேமராவுக்கு அவரே வைத்த பெயர்தான் இது. ஒரு கேமராவின் உடம்பு, வேறொன்றின் லென்ஸ் என்று பல பாகங்களைச் சேர்த்துத் தானே பொருத்திய பெரிய கருவி. கலர் பிலிம் வந்து உலகமே அதற்கு மாறிய பிறகும் அவர் கறுப்பு வெள்ளையை விடவில்லை. பிலிமைத் தன் டார்க் ரூமில் தானே கழுவி, தானே பிரிண்ட் போட்டார்.

பிலிம் ரோலில் ஷாட்கள் எண்ணிக்கைதான். கண்டபடி க்ளிக் பண்ண முடியாது. எந்தக் கணத்தில் அழுத்த வேண்டும் என்று விலங்கின் அசைவை முதலில் படிக்க வேண்டும். அதற்காகக் காட்டில் நடந்தார், பழக்கிய யானை மேல் ஏறி காட்டு யானைக் கூட்டங்களுக்குப் பக்கத்தில் போனார். குட்டியைக் கூட்டம் எப்படி நடுவில் வைத்துக்கொள்கிறது, யார் முன்னால் போவது, எப்போது காது விறைக்கும் என்பதையெல்லாம் வருஷக்கணக்காகக் கவனித்தார். அவருடைய யானைப் படங்களில் பெரும்பாலும் யானை மட்டும் இருக்காது. அது நிற்கிற காடும் இருக்கும்.

நம்ம கையில இருக்கிற போன்ல ஒரே நிமிஷத்துல நூறு போட்டோ எடுக்கலாம். பிரச்னை என்னன்னா, போன் கேமராவுல ஜூம் பண்ணினா தூரத்து மான் ஒரு பழுப்புப் புள்ளிதான். அதனால முதல் அரை மணி நேரம் போனைப் பையில வெச்சுடுங்க. 8x42 பைனாகுலர் ஒண்ணு நாலு பேருக்கு ஒண்ணா இருந்தாலும் போதும். வேன் நிற்கும்போது எழுந்து நிற்கிறது, கத்திக் கூப்பிடுறது, விசில் அடிக்கிறது, பிஸ்கட் போடுறது எதுவும் வேண்டாம். ஃப்ளாஷ் கூடவே கூடாது. பளீர் கலர் சட்டைக்குப் பதிலா மண், இலை கலர்ல ஏதாவது போதும்.

முதல் ஸ்டாப் வேடந்தாங்கல்

சென்னையிலிருந்து சுமார் 80 கி.மீ தூரம். ஒரு நாள் ட்ரிப். கிருஷ்ணன் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்து, எழுதி, அரசாங்கத்தின் கவனத்துக்கும் கொண்டுபோன இடங்களில் வேடந்தாங்கலும் ஒன்று.

இந்த ஏரியைக் காப்பாற்றியது முதலில் அரசாங்கம் இல்லை, ஊர்க்காரங்கதான். பறவைகளின் எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். துப்பாக்கியோடு வந்தவர்களைத் தடுக்க, 1798-லேயே செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் உரிமை வாங்கினார்கள். வெடி வெடிக்காமல் தீபாவளி கொண்டாடுகிற பழக்கத்தை இன்றும் வைத்திருக்கிறார்கள்.

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை சரியான சீசன். மழை பொய்த்து ஏரி நிறையலைன்னா பறவையும் குறையும், அதனால கிளம்பும் முன்னாடி தண்ணீர் நிலவரம் விசாரிச்சுக்கோங்க. கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, வக்கா, அரிவாள் மூக்கன் எல்லாம் ஒரே மரத்தில் அடுக்கடுக்காகக் கூடு கட்டியிருக்கும். புலி வருமாங்கிற டென்ஷனே இல்லாத சஃபாரி. வீட்டில் பெரியவங்களையும் கூட்டிட்டுப் போகலாம்.

அடுத்தது முதுமலை

முதுமலை, கிருஷ்ணனின் இரண்டாவது வீடு மாதிரி. 1940-ல் சரணாலயமான இடம், 2007-ல் புலிகள் காப்பகமானது. ஒரு பக்கம் கர்நாடகத்தின் பந்திப்பூர், இன்னொரு பக்கம் கேரளத்தின் வயநாடு. விலங்குகளுக்கு மாநில எல்லை கிடையாது என்பதால் மூன்றும் சேர்ந்து ஒரே காடுதான். 2023-ல் ஆஸ்கர் வாங்கிய 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' படத்தில் பார்த்த தெப்பக்காடு யானை முகாம் இங்கேதான் இருக்கு.

திருமுல்லைவாயிலிலிருந்து எப்படிப் போறது? லோக்கல் ட்ரெயின் பிடிச்சு சென்ட்ரல். அங்கிருந்து ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ். இதில் ஒரு வேடிக்கை. அந்த ட்ரெயின் அரக்கோணம் மார்க்கமா போறதால, கிளம்பின கொஞ்ச நேரத்துலயே நிற்காம உங்க ஸ்டேஷனையே தாண்டிப் போகும். காலையில மேட்டுப்பாளையம், அங்கிருந்து பஸ் இல்லைன்னா டாக்ஸியில ஊட்டி, பிறகு கூடலூர் வழியா தெப்பக்காடு. கல்லட்டி வழி கிட்டம்தான். ஆனா, 36 கொண்டை ஊசி வளைவு, செம இறக்கம். மலைப்பாதை பழக்கமில்லாதவங்க அதைத் தொடாம இருக்கிறது நல்லது. சொந்த வண்டியில போறதா இருந்தா நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்கணும், 2024 மே மாசத்திலிருந்து இது நடைமுறையில் இருக்கு. பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாவட்டம் முழுக்கத் தடை. பந்திப்பூர் வழியா வர்றவங்களுக்கு, ராத்திரி 9 மணிக்கு மேல் காலை 6 மணி வரை ரோடு மூடியிருக்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காட்டுத்தீ அபாயம் இருந்தா சஃபாரியையே நிறுத்திடுவாங்க. அதனால வனத்துறைகிட்ட உறுதி பண்ணிக்கிட்டு ரூம் போடுங்க.

சஃபாரி வேன் காலையிலும் மாலையிலும் கிளம்பும். காலை டிரிப்பே பெஸ்ட். உள்ளே போனதும் ஒண்ணு கவனிங்க. மேற்கே மழை அதிகம், உயரமான தேக்கும் மூங்கிலும் நிற்கும். கிழக்கே சீகூர் பக்கம் போகப் போக மழை மறைவுப் பகுதி, மரம் குட்டையாகி முள்காடாகிடும். விலங்குகளும் அதுக்கேத்த மாதிரி மாறும். சில கிலோமீட்டருக்குள்ள ரெண்டு மூணு வகைக் காடு பார்த்துடலாம்.

காதையும் தீட்டிக்கோங்க. மரத்து மேல மந்தி திடீர்னு இருமுற மாதிரி கத்தினா, கீழே புள்ளிமான் கூட்டம் வாலைத் தூக்கிட்டு ஒரே திசையில பார்த்து நின்னா, பக்கத்துல புலியோ சிறுத்தையோ செந்நாயோ இருக்கு. அது உங்க கண்ணுல படாமலே போகலாம். ஆனா, ஒரு காடு முழுக்கச் செய்தி எப்படிப் பரவுதுன்னு அந்த ஒரு நிமிஷத்துல பார்த்துட்டீங்க. ரெண்டு மான் மட்டும்தான் பார்த்தோம்னு இனிமே சொல்ல மாட்டீங்க.

டூரிஸ்ட்டாக மட்டும் இருக்கவில்லை

காட்டைப் பார்த்து ரசித்ததோடு கிருஷ்ணன் நின்றிருந்தால், அவரை ஒரு நல்ல எழுத்தாளர் என்று மட்டும் சொல்லி முடித்துவிடலாம். 1968-ல் அவருக்கு ஜவஹர்லால் நேரு ஃபெல்லோஷிப் கிடைத்தது. அதைக் கொண்டு இந்தியத் தீபகற்பத்தின் பாலூட்டிகளைப் பற்றி விரிவாகக் கள ஆய்வு செய்தார். எந்தக் காட்டில் எந்த விலங்கு மிஞ்சியிருக்கிறது, எது குறைகிறது, ஏன் குறைகிறது. அணை, எஸ்டேட், ரோடு என்று நாடு வேகமாக மாறிய காலம் அது. கண்ணால் பார்த்த கணக்கு அவரிடம் இருந்தது. அந்த ஆய்வு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வந்து, பிறகு புத்தகமும் ஆனது.

1970-ல் பத்மஸ்ரீ. மத்திய அரசின் காட்டுயிர் வாரியத்தில் பல வருஷம் உறுப்பினர். 1973-ல் தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் வழிகாட்டுக் குழுவிலும் இருந்தார். இன்னிக்கு நாம டிக்கெட் எடுத்துப் பார்க்கிற காடுகள் காடாகவே இருப்பதில், மேஜையின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து விடாமல் வாதாடிய இவரைப் போன்ற சிலருக்கும் பங்கு இருக்கு.

அவர் கடைசி வரை விட்டுக்கொடுக்காத ஒரு விஷயம், அந்நிய மரங்கள். அழகாகப் பூக்கிறது, சீக்கிரம் வளர்கிறது என்று வெளிநாட்டு மரங்களை நடுவதை எதிர்த்தார். ஒரு நாட்டின் அடையாளம் அதன் மண்ணிலும் செடிகொடியிலும் உயிரினங்களிலும்தான் இருக்கிறது என்பது அவருடைய உறுதியான கருத்து. அப்போது சிலருக்கு இது பிடிவாதமாகத் தெரிந்திருக்கலாம்.

இப்போ முதுமலைக்குப் போனா ரோட்டோரம் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கும். மஞ்சளா பூத்துக் குலுங்குற ஒரு மரம் முன்னால பலர் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுப்பாங்க. நம்ம சரக்கொன்றை இல்லை அது. வெளிநாட்டிலிருந்து வந்த சென்னா மரம். ரெண்டுமே புல்லையும் நாட்டுச் செடிகளையும் வளர விடாது. மானுக்கும் காட்டெருமைக்கும் யானைக்கும் தீனி குறையும். தீனி இல்லைன்னா யானை ஊருக்குள்ள வரும், அப்புறம் நடக்கிறதை நியூஸ்ல பார்க்கிறோம். இன்னிக்கு வனத்துறை அந்த மரங்களைப் படாத பாடுபட்டு அகற்றிட்டு இருக்கு. கூடலூர் பக்கத்துப் பழங்குடிக் கலைஞர்கள் உண்ணிச்செடித் தண்டுகளை வளைத்து நிஜ அளவு யானைச் சிற்பங்கள் செய்யறாங்க. 2021-ல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன.

கிருஷ்ணன் ஸ்டைல் சஃபாரி: சுருக்கமா ஒரு செக் லிஸ்ட்

1. ஒரு மாசம் முன்னாடி: மொட்டை மாடி, ஏரிக்கரை. உங்க ஏரியாவில் இருக்கும் பத்துப் பறவைகளின் தமிழ்ப் பெயரைத் தெரிஞ்சுக்கோங்க.

2. ரெண்டு வாரம் முன்னாடி: வேடந்தாங்கலுக்கு ஒரு நாள். சீசன் இல்லைன்னா கிண்டி தேசியப் பூங்கா. ஊருக்கு நடுவிலேயே வெளிமானும் புள்ளிமானும் இருக்கு.

3. ஒரே நாளில் மூணு காடு பார்க்கிற பேக்கேஜ் வேண்டாம். ஒரே காட்டில் ரெண்டு ராத்திரி தங்கி, ரெண்டு மூணு சஃபாரி போங்க. அதே பாதை ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி இருக்கும்.

4. யானை வழித்தடத்தை அடைச்சுக் கட்டின ரிசார்ட்டா, ராத்திரி சத்தமா பாட்டு போடுற இடமான்னு விசாரிங்க. சட்டத்துக்குப் புறம்பா நைட் சஃபாரி கூட்டிட்டுப் போறோம்னு சொன்னா, அங்கே ரூம் போடாதீங்க.

5. பையில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும். பார்த்த நேரம், இடம், என்ன செஞ்சதுன்னு மூணு வரி போதும்.

கடைசிப் பத்தி வரை

1995-ல் ஐ.நா சுற்றுச்சூழல் அமைப்பின் குளோபல் 500 கௌரவப் பட்டியலில் கிருஷ்ணனின் பெயர் இடம்பெற்றது. அப்போதும் அவர் அதே மயிலாப்பூர் வீட்டில், அதே பத்தியை எழுதிக்கொண்டிருந்தார். 1996 பிப்ரவரி 18-ம் தேதி காலமானார். வயது 83. அவருடைய கடைசி 'கன்ட்ரி நோட்புக்' பத்தி தி ஸ்டேட்ஸ்மனில் வெளியானதும் அதே நாளில்தான்.

பிறகு ராமச்சந்திர குஹா அவருடைய ஆங்கிலக் கட்டுரைகளைத் தொகுத்தார். மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி அவர் பெயரில் இயற்கை எழுத்துக்கான பரிசு தருகிறது. எழுதுவதற்கு வயதோ பட்டமோ தேவையில்லை, பார்த்ததை ஒழுங்காகப் பார்த்திருந்தால் போதும் என்று நம்புகிற இளைஞர்களுக்கு அது நல்ல தொடக்கம்.

அடுத்த லாங் வீக்கெண்டுக்கு இன்னும் சில வாரம் இருக்கும். ரூம் புக் பண்றது அப்புறம். நாளைக்குக் காலையில ஆறரை மணிக்கு டீ டம்ளரோட மாடிக்குப் போங்க. தண்ணீர்த் தொட்டி மேல ஒரு காக்கா உட்கார்ந்திருக்கும். அது அடுத்து என்ன செய்யப்போகுதுன்னு மட்டும் பாருங்க.